கதவோரத் துளைகளின் வரிசை

ஆனி, இரண்டாம் செவ்வாய், காலை. என் மனைவி மருத்துவமனையில் இறந்தார். காரணம்: இரு சிறுநீரகங்களும் செயலிழந்தமை.

புதன், பிற்பகல். தகனம். வியாழன், காலை. சாம்பல் வாவியில் கரைக்கப்பட்டது.

ஆடி, முதல் திங்கள். புளியந்தீவில் உள்ள எங்கள் வீட்டின் மண்டபச் சுவருக்கு மனைவியின் தமையனார் அழைத்து வந்த மேசனும் ஆட்களும் சீமெந்து பூசினர். நான் மண்டூருக்குப் போயிருந்தேன்.

செவ்வாய், காலை. அந்தப் பூச்சைச் சுத்தியலாலும் உளியாலும் உடைத்தேன். தமையனார் தடுத்தார். கைகலப்பு நிகழ்ந்தது. என் இடது மணிக்கட்டு முறிந்தது. அவர் நெற்றி பிளந்தது, தையல் இடப்பட்டது.

வியாழன். முப்பத்தோராம் நாள் கிரியை அதே மண்டபத்தில் நடைபெற்றது.

இவ்வளவும் நடந்தவை. உறவினர் பலர் இவற்றைத் தத்தமக்குத் தோன்றியவாறு சொல்லிவருகிறார்கள். பெண்சாதி போனதும் மனுசனுக்கு மூளை பிசகிவிட்டது என்பது அவற்றுள் மிகவும் இரக்கமான விளக்கம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது அவளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குள் வருகிறவன். கட்டடக்கலை படித்து, ஓய்வுபெறும் வரை பிறருக்கு வீடுகள் வரைந்து கொடுத்த நான், அவ்வாறே மனைவியின் வீட்டில் வாழ்ந்தேன். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள். மண்டபம் வாவிப் பக்கம் முழுவதும் திறந்திருக்கும். அதன் பின்சுவரே நான் சொல்லும் சுவர்.

எங்கள் கலியாணத்துக்கு முந்திய வருடம், போர்க்காலத்தில், ஒரு காலைப்பொழுதில், துப்பாக்கிகளோடு வந்தவர்கள் என் மனைவியின் தம்பியை அந்தச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவன். வந்தவர்கள் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர் கண் அவர்கள் பக்கம் திரும்பிவிடும்; சுவரைப் பார்க்காது. தமையனார் மண்டபத்தின் திறந்த பக்கத்தால் ஓடி வாவிக்குள் இறங்கி, கண்டல் வேர்களுக்கு நடுவே கழுத்தளவு நீரில் நின்று தப்பினார். அவள் அடுத்த அறையில், கட்டிலின் கீழ், கன்னம் தரையில் அழுந்தக் கிடந்தாள். அவள் ஒன்றையும் காணவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள்.

கலியாணத்தன்று அந்தச் சுவரை வெள்ளைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் வாவிக் காற்று வேகமாக உள்ளே வந்தது. துணி சுவரோடு ஒட்டியது. அதன் பின்னால் குழிகள் தெரிந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவள் கண்டாள். எங்களிடையே முதலாவதாக நிகழ்ந்த பேச்சு என்று அதையே சொல்லவேண்டும்.

அவள் வயலின் படித்தவள். பின்னர் இசை கற்பித்தவள். நான் வரைபவன். எங்கள் இருவரின் தொழிலும் ஒரு தாளில் சந்திக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஸ்வர எழுத்துகள் இல்லாமல், கோடுகளாலும் புள்ளிகளாலும் வடிவங்களாலும் இசையை எழுதும் முறையை அவள் எங்கோ கண்டு வந்தாள். அவ்வாறு எழுதிய தாளை இசைப்படம் என்று நாங்கள் அழைத்தோம். ஒரு கட்டடத்தின் முகப்பை நான் அளந்து வரைவேன். அதன்மேல் அவள் மெல்லிய தாளை விரித்து, எந்தக் கோடு நாதம், எந்த இடைவெளி மௌனம் என்று தீர்மானிப்பாள். முதலில் ஒல்லாந்தர் கோட்டையின் மதிலைச் செய்தோம். நீண்ட, சலிப்பூட்டும் ஒற்றைச் சுருதி. பீரங்கித் துவாரம் வரும் இடங்களில் திடீரென்று அறுந்துபோகும். பிறகு இரும்புப் பாலம். அது நன்றாக வந்தது. கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

"இதெல்லாம் பழகிறதுக்கு," என்றாள் அவள். "இனி எங்கட சுவரைக் கீறித் தாங்க."

தீவிரமாக நோயுற்ற பிறகே அதை வரைந்து தரக் கேட்டாள். நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு துளையையும் அளந்தேன். துப்பாக்கிச் சன்னம் பட்டு உதிர்ந்த விளிம்பின் வடிவைத் தாள் வைத்துக் கரியால் தேய்த்தெடுத்தேன். ஆழத்தை மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தேன். அவளது விதிகள் எளிமையானவை: தரையிலிருந்து துளையின் உயரமே சுருதி, ஆழமே ஓசையின் பலம், விளிம்பு எந்தப் பக்கம் பிளந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நாதம் சரிய வேண்டும். நான் இடமிருந்து வலமாக, நடந்து போகிறவன் காணும் ஒழுங்கில், நேரக்கோட்டை வரைந்து வைத்தேன். அவள் அதை அழித்துவிட்டாள்.

"ஒரு பக்கத்தில இரிந்து மற்றப் பக்கம் வாசிச்சா அது சுவர். எனக்கு அது நடந்த மாதிரி வேணும்."

"நடந்த வரிசை சுவரில இல்லையே?"

"என்னிட்ட இரிக்கி."

இருந்தது. கதிரையைச் சுவருக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எது முதல், எது அடுத்தது என்று அவள் சொல்ல, நான் எண் இட்டேன். மேலே பட்டதன் ஒலி வேறு, கல்லில் பட்டதன் ஒலி வேறு, சாந்தில் பட்டதன் ஒலி வேறு என்றாள். நான் உளியின் பிடியால் ஒவ்வொரு துளைக்குள்ளும் தட்டிக் காட்டுவேன். "இல்ல, அது பிந்தி" என்பாள். எனக்கு இடம் மட்டும் தெரிந்திருந்தது. அவளுக்கு நேரம் மட்டும் தெரிந்திருந்தது. இவ்வளவு காலம் ஒன்றாக வாழ்ந்தும் அந்தச் சில வாரங்களிலேதான் நான் அந்த வீட்டுக்குள் முழுமையாக வந்து சேர்ந்தேன்.

வாசிப்பதற்கு மண்டூரிலிருந்து ஒரு மத்தளக்காரரை அழைத்தாள். கூத்துக்கும் கோயிலுக்கும் அடிப்பவர், பருத்த விரல்கள், வாய் ஓயாதவர். இசைப்படத்தை விரித்துக் காட்டியதும் தலையைச் சரித்துப் பார்த்தார்.

"சேர், இது ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு வயர் போட்டு எடுக்கிற கடதாசி மாதிரி இரிக்கி."

"ஓம் அண்ணன்," என்றாள் அவள். "செத்தவன்ட நெஞ்சுதான். அடியுங்க."

அவர் சிரிப்பை விழுங்கிவிட்டு அடித்தார். அவள் வயலினை மடியில் வைத்து, வில்லின் கட்டைப் பக்கத்தால் தந்திகளை அறைந்தாள். வாசிப்பு என்று அதைச் சொல்ல இயலாது. மண்டபத்துக்குள் எவரோ எவரையோ அடிப்பது போல இருந்தது. முற்றத்துக் காகங்கள் எழும்பிப் போயின. மூன்றாம் தந்தி அறுந்து அவள் புறங்கையைக் கிழித்தது, அவள் நிறுத்தவில்லை. இரத்தம் தாளில் விழுந்தபோது, "அதையும் அடிக்கவா அம்மா?" என்று மத்தளக்காரர் கேட்டார். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை.

முடிக்கப்படாமல் நின்றது கடைசிப் பகுதி. அறைக் கதவை ஒட்டிய இடம். அங்கே துளைகள் நெருக்கமாக இருந்தன: சில முழங்கால் உயரத்தில், சில தலைக்கு மேலே. அந்த இடத்துக்கு வந்ததும் அவள் தாளில் ஒரு சிறு வெற்றிடம் விட்டாள். ஒரு மூச்சு விடும் நீளம். பிறகு, "மற்றதை மறுகா சொல்றன்" என்றாள். களைத்துவிட்டாள் என்று எண்ணி விளக்கை அணைத்தேன். பிறகு அவள் சொல்லவில்லை.

அந்த மண்டபத்தில், அந்தச் சுவருக்கு முன்னால், ஒரு தடவையாவது அதை முழுதாக வாசிக்கவேண்டும் என்பது அவள் என்னிடம் கேட்டது. முப்பத்தோராம் நாளுக்கு எல்லோரும் கூடுவார்கள்; அன்று வாசிக்கலாம் என்று நினைத்தேன். கடைசிப் பகுதிக்கு நானே பென்சிலால் எண் இட்டேன், மேலிருந்து கீழாக. சுடப்பட்டவன் சரிந்து விழுவான். துளைகள் அவனைத் தொடர்ந்து இறங்கும். சுருதி இறங்கி இறங்கி அடங்கும். தாளில் பார்க்க அழகாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை அந்தத் தாளோடு மண்டூருக்குப் போனேன். பஸ்ஸில் குருமண்வெளித் துறைக்குப் போய், அங்கே மிதவை ஏறி வாவியைக் கடந்தேன். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக் கடக்கும் அந்த மிதவையைப் பாதை என்பார்கள். மத்தளக்காரர் தாளை முழங்காலில் விரித்து, விரலால் தொட்டுத் தொட்டு வந்து, பென்சில் எண்களில் நின்றார்.

"இது அம்மாட கணக்கா, சேர்ட கணக்கா?"

"என்ட."

"பாத்தாத் தெரியுது. வடிவா இரிக்கி." தாளை மடித்து என் கையில் தந்தார். "மற்றதொண்டும் இவ்வளவு வடிவில்ல சேர். எனக்கு இதை அடிக்க ஏலாது."

திரும்பி வரும்போது பாதையில் நின்றபடி யோசித்தேன். இரண்டு துளைகளின் உதிர்ந்த விளிம்புகள் தொடும் இடத்தில், பின்னால் வந்த சன்னம் முன்னால் வந்ததன் விளிம்பைத் தின்றிருக்கும். கதவோரத்தில் துளைகள் நெருக்கமானவை. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு விளிம்புகளைப் பார்த்தால் எது முந்தியது என்று சுவரே சொல்லிவிடும். இத்தனை காலம் இது எனக்குத் தோன்றவில்லை, ஏனெனில் வரிசை அவளிடம் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரும் வரை, அவள் இறந்த பிறகு முதற்றடவையாக, அவசரமாக நடந்தேன்.

மண்டபத்தில் ஈரச் சீமெந்தின் வாடை. சுவர் மட்டமாக, சாம்பல் நிறத்தில், ஒரு குறையும் இல்லாமல் நின்றது. மேசன் திறமையானவர். துளைகள் பின்னால் வாய் பிளக்காதிருக்க, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓட்டுத்துண்டும் சீமெந்தும் திணித்து, கட்டைவிரலால் இறுக்கி, அதன்மேல் பூசியிருந்தார்.

கனடாவிலிருந்து கிரியைக்காக வந்திருந்த மகள் முதலில் பேசினாள். "அப்பா, கோவிக்காதீங்க. துடக்குக் கழிக்கிற வீடு இப்பிடிக் கிடக்கப்படாதெண்டு மாமா சொன்னார். நானும் ஓமெண்டன்."

அவளுக்கு அந்த உரிமை உண்டு. வீடு இப்போது அவளுடையது. முப்பத்தோராம் நாளுக்கு முன், தீட்டுக் கழிய, சாவீட்டைக் கழுவி, வெடிப்பு அடைத்து, வெள்ளையடிப்பது இங்கே எல்லோரும் செய்வது, செய்யாவிட்டால்தான் கேள்வி. தமையனார் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரை நான் மச்சான் என்றே அழைப்பேன், அவரும் அப்படியே.

"சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசப்படாது மச்சான்," என்றேன். "பிடிக்காது. உப்புப் பூத்து ரெண்டு மாரியில கழண்டு விழும்."

"விழுந்தாத் திரும்பப் பூசுவம்."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா விட்டிருப்பீங்களா? வாற சனம் இதுக்கு முன்னால இரிந்து சோறு தின்னப்போகுது. எங்கட தம்பியப் பாத்துப் பாத்தா தின்ன?" வாளியைக் கவிழ்த்து வைத்தார். "அவ உயிரோட இரிந்த வரைக்கும் நான் வாய் திறக்கல்ல. இனி அது சுவர்."

சீமெந்து முழுதாக இறுகிவிட்டால் திணித்ததைத் தோண்டி எடுக்க இயலாது என்பது மட்டும் என் மனதில் நின்றது.

செவ்வாய் விடிந்ததும் தொடங்கினேன். மெதுவாக எடுக்கலாம் என்றே உளியைச் சாய்த்துப் பிடித்தேன். பூச்சு பெரிய பலகைகளாகப் பெயர்ந்தது. ஆனால் ஒவ்வொரு பலகையின் முதுகிலும் பழைய சாந்தும் ஒட்டி வந்தது. துளையின் விளிம்பு அதோடு கழன்று வந்தது. முதலாவது துளையிலேயே அதைக் கண்டேன். கண்ட பிறகும் நிறுத்தவில்லை. அடுத்ததாவது முழுமையாக வரும் என்று அடித்தேன்; அதுவும் உடைந்தது. அடி பலமாகிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. சிறிது நேரத்தில் எது சன்னம் பட்ட குழி, எது என் உளி பட்ட குழி என்று பிரித்தறிய முடியாதபடி ஆயிற்று. சுவரைக் கடைசியாக ஒரு முறை கேட்க வந்தவன், அதன் வாயை உடைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் பின்னாலிருந்து என் இரு தோள்களையும் பிடித்தார்.

"விடுங்க மச்சான்."

"விடமாட்டன். என்ன செய்றீங்க? விசரா உங்களுக்கு?"

"விடுங்க."

"விசராடா உனக்கு?"

எங்கள் உறவில் அவர் என்னை ஒருமையில் அழைத்தது அதுவே முதல் முறை. கையை உதறினேன். சுத்தியலின் பிடி பின்னால் போய் அவர் நெற்றியில் பட்டது. தோல் பிளக்கும் ஓசை கேட்டது. அவர் என்னைத் தூக்கி எறிவது போலத் தள்ளினார். கையூன்றி விழுந்தேன், மணிக்கட்டுக்குள் ஏதோ பச்சைக் குச்சி போல முறிந்தது. அவர் சுத்தியலை எடுத்தார். ஒரு கண்ணில் இரத்தம் இறங்கியிருந்தது. எனக்காகவே எடுக்கிறார் என்று நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்து, "மாமா!" என்று கத்தினாள்.

அவர் என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் அறைந்தார்.

"கீழ!" என்றார். முழங்கால் உயரத்தில் அடித்தார். "முதல் கீழ. காலுக்கு." மறுபடி அடித்தார். "இஞ்ச ஒண்டு. விழுந்திட்டான். முடிஞ்சுதெண்டு திரும்பிப் போகப் பாத்தாங்க. தண்ணிக்குள்ள நிண்டு எல்லாம் பாத்தன்டா நான்."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. என் தலை தரையோரம் கிடந்தது. கீழ்த் துளைகள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. அந்த இடைவெளியின் நீளத்தை நான் அறிந்திருந்தேன். அதைத் தாளில் பார்த்திருந்தேன்.

"மறுகா எழும்பினான்," என்றார். "கையச் சுவரில வெச்சு எழும்பினான், பாவி. கிடடா, கிடடா எண்டு வாய்க்குள்ள கத்தினன். கிடந்திருந்தா விட்டிட்டுப் போயிருப்பாங்க." இடுப்புயரத்தில் அடித்தார். "இஞ்ச." நெஞ்சுயரத்தில். "இஞ்ச." பிறகு குதிகால் உயர்த்தித் தலைக்கு மேலே, அடி மேல் அடி. சுண்ணாம்பும் கல்லும் எங்கள் இருவர் மேலும் கொட்டின. கை ஓய்ந்ததும் சுத்தியலை வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் இருந்தார்.

கட்டடம் படித்தவன் சுமையை மேலிருந்து கீழாகவே வாசிப்பான்: கூரை, வளை, சுவர், அத்திவாரம். ஓர் உடலையும் நான் அவ்வாறே வாசித்திருந்தேன். அவன் விழுந்தபின் எழுந்து நின்றான் என்பது எந்த அளவுகோலிலும் வரவில்லை. கட்டிலின் கீழ் கிடந்தவள் அந்த மௌனத்தைக் கேட்டிருக்கிறாள். பிறகு ஒலி மேலே ஏறுவதைக் கேட்டிருக்கிறாள். அதன் பொருளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெற்றிடத்தை மட்டும் எழுதினாள். நான் அதைக் களைப்பு என்று நினைத்தேன்.

"கை முறிஞ்சிட்டுதா?" என்று மச்சான் கேட்டார்.

"ஓம்."

"அமத்திப் பிடிங்க. ஓட்டோ வரட்டும்."

மீண்டும் 'பிடிங்க' ஆகியிருந்தது. மகள் ஒரு துணியைக் கிழித்து அவர் தலையையும் என் கையையும் கட்டினாள். எங்கள் இருவரையும் பார்த்து அழுதபடியே, "ரெண்டு கிழட்டுச் சண்டியன்கள்" என்றாள். அவள் தாய் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை.

வியாழக்கிழமை சுவர் உடைந்தபடியே நின்றது. பூச நேரம் இருந்தது. மேசனும் வந்து நின்றார். மச்சான் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, "வெள்ளை கட்டுவம்" என்றார். தையல் போட்ட நெற்றியோடு தானே ஏணியில் ஏறிக் கட்டினார். ஐயர் கிரியையை முடித்தார், சனம் சாப்பிட்டது. மத்தளக்காரர், அடிக்க மாட்டேன் என்று சொன்னவர், மத்தளத்தோடு வந்து தூணோரம் இருந்தார். எல்லோரும் போன பிறகு என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்துக் கேட்டார்: "அடிக்கவா?"

"இண்டைக்கு வேணாம்," என்றார் மச்சான். "எழுதி முடியட்டும். நானும் இரிக்கக்க அடியுங்க."

மத்தளக்காரர் வாரை இறுக்காமலே எழுந்தார். துணிக்குப் பின்னால் இன்னும் கல் உதிர்ந்துகொண்டிருந்தது.

செய்யாமல் கிடப்பவை:

கடைசிப் பகுதியில் நான் இட்ட பென்சில் எண்களை அழித்தல். அவள் விட்ட வெற்றிடத்தைத் தொடாமல்.

மச்சான் அடித்த வரிசையில் புதிய எண் இடுதல். மை கொண்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போது.

சன்னத்தின் குழி, என் உளியின் குழி, அவருடைய சுத்தியலின் குழி: இயன்றவரை வேறு வேறு நிறத்தில் பிரித்தல்.

மிஞ்சிய சீமெந்தைச் சுரண்டி, சுவரை மூச்சுவிட வைத்தல். சுண்ணாம்பு வாங்குதல்.

அவர் நெற்றித் தையலைப் பிரிக்க அழைத்துப் போதல்.

மண்டூருக்குச் சொல்லி அனுப்புதல்: முடிவு ஏறுகிறது.